வோல்ட் முள் பதிமூன்றைத் தொடாத எட்டு மாதம்

போன ஞாயிறு காலை பத்தரை மணிக்கு என் அம்பாசிடரின் வோல்ட் முள் 14-க்குச் சற்றே கீழே போய் நின்றது. ஹெட்லைட் போட்டேன். வைப்பர் போட்டேன். இண்டிகேட்டரை இடது பக்கம் தள்ளிவிட்டு ஹார்னையும் அழுத்தினேன். முள் ஒரு நூல் இறங்கி அங்கேயே நின்றது. பக்கத்து சீட்டில் இருந்த மகள், "அப்பா, டெம்பரேச்சர் முள்ளும் அசையலப்பா" என்றாள். அதைக் கேட்கத்தான் எட்டு மாதம் காத்திருந்தேன். பழைய வண்டி வைத்திருப்பவர் யாருக்காவது உதவும் என்பதால், எங்கெங்கே தவறாகப் போனேன் என்பதையும் சேர்த்து எழுதி வைக்கிறேன்.

முதலில் வண்டி. 1986 மார்க் 4, பெட்ரோல், 1489 சிசி. நைனா அதை 1998-இல் செகண்ட் ஹேண்டில் வாங்கினார். அப்போது அதில் என்ஜின் ஓடும்போது பேட்டரியைச் சார்ஜ் செய்ய டைனமோ இருந்தது. 2004-இல் அதை எடுத்துவிட்டு, அதே வேலையைச் செய்யும் 36 ஆம்பியர் ஆல்டர்னேட்டர் போட்டார். ஆனால் டைனமோவின் கரண்ட்டைக் கட்டுப்படுத்திய கட்டவுட் பெட்டியைக் கழற்றவில்லை. உள்ளே முனைகளை ஒன்றாக இணைத்து, வயர்கள் சேரும் சந்திப்பாக அதையே விட்டுவிட்டார்கள். டேஷ்போர்டுக்குக் கீழே மூன்று மீட்டர் கொண்ட ஒரு தொகுதி இருக்கிறது: வோல்ட், டெம்பரேச்சர், ஆயில் பிரஷர். அது கம்பெனி கொடுத்ததல்ல, எங்களுக்கு முன்னால் வைத்திருந்தவர் மாட்டியது. எந்த வயரிலிருந்து அதற்குக் கரண்ட் எடுத்தார் என்பது எனக்குக் கடைசிவரை தெரியாமலே இருந்தது. அதுவும் இந்தக் கதையில் வரும்.

வீடு திருவொற்றியூரில், தேரடியிலிருந்து கடல் பக்கம் நடந்தால் நாலு நிமிடம். வண்டி வருஷம் முழுக்கத் தெருவில்தான் நிற்கிறது. கடற்காற்றில் ஜன்னல் கம்பியே இரண்டு வருஷத்தில் பொரிந்துவிடும் ஊர் இது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது தெருவில் சக்கரத்தின் பாதி உயரத்துக்குத் தண்ணீர் நின்றது, இரண்டு நாள் வடியவில்லை. தண்ணீர் இறங்கியதும் பிரேக் டிரம், கியர் ஆயில், சீட்டுக்கு அடியில் உள்ள கார்ப்பெட் எல்லாம் பார்த்தேன். பாடிக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே தொங்கும் எர்த் பட்டையை, அதாவது கரண்ட் திரும்பிவரும் பின்னல் கம்பியை, பார்க்கவில்லை. அப்படி ஒன்று இருக்கிறது என்ற நினைப்பே வரவில்லை.

2024 ஜூனில் முள் கோளாறு காட்ட ஆரம்பித்தது. ஐடிலில் 12-க்குச் சற்று மேல். ஓடும்போது 13-ஐத் தொடாது. ஹெட்லைட் போட்டால் 11-க்கு வந்துவிடும். இண்டிகேட்டர் போட்டால் அதன் தாளத்துக்கு முள்ளும் அரை வோல்ட் ஆடும். எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் ராத்திரி மாட்டிக்கொண்டால், ஐடிலில் நிற்க நிற்க முள் இறங்குவதைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். எந்த நேரம் என்ஜின் நின்றுவிடுமோ என்று வயிற்றைக் கலக்கும்.

கூடவே இரண்டு விஷயம் நடந்தது. இரண்டையும் நான் தனித்தனிக் கோளாறு என்று நினைத்தேன். ஒன்று, காலையில் செல்ஃப் எடுக்கும்போது என்ஜின் இழுத்து இழுத்துச் சுற்றியது. இரண்டு, அப்படி ரொம்ப நேரம் செல்ஃப் அடித்த ஒரு நாள் சோக்கைத் தள்ளக் கை வைத்தால் குமிழ் சுட்டது, லேசாகப் பிளாஸ்டிக் கருகிய வாசனையும் வந்தது. என்ஜின் சூடு கேபிள் வழியாக வருகிறது என்று எனக்கு நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். குளிர்ந்து கிடக்கும் என்ஜினில் காலை ஆறு மணிக்கு ஏது சூடு? அன்றைக்கே அப்படிக் கேட்டிருந்தால் மற்ற ஏழு மாதமும் மிச்சமாகியிருக்கும்.

முதலில் பேட்டரியைச் சந்தேகப்பட்டேன். மூன்று வயது பேட்டரி. கடைக்குப் போனால் புதிது வாங்கச் சொல்வார்கள் என்று, வீட்டில் கிடந்த ஹைட்ரோமீட்டரால் (பேட்டரித் தண்ணீரின் அடர்த்தியை மிதவையில் காட்டும் கருவி) ஆறு செல்லையும் பார்த்தேன். எல்லாவற்றிலும் 1.200, 1.210 என்ற அளவிலேயே இருந்தது. ஒரு செல் செத்திருந்தால் அது மட்டும் தாழ்ந்து நிற்கும். எல்லாம் ஒரே மட்டத்தில் பாதி நிரம்பிய நிலையில் இருந்ததால் பேட்டரி நன்றாகத்தான் இருக்கிறது, அதற்குச் சாப்பாடு போதவில்லை என்று புரிந்தது. சார்ஜரில் ஒரு ராத்திரி போட்டதும் 1.250-க்கு ஏறியது. பத்து நாள் ஓட்டியதும் பழையபடி இறங்கிவிட்டது. இந்த ஒரு வேலையைச் சரியாகச் செய்தேன். புதுப் பேட்டரிக்குப் பணம் போகவில்லை.

தப்பு அடுத்த கட்டத்தில் நடந்தது. என்னிடம் வோல்ட் அளக்க ஒரு மஞ்சள் மல்டிமீட்டர் இருந்தது. பல வருஷம் முன்னால் 250 ரூபாய்க்கு வாங்கியது. என்ஜினை ஓடவிட்டு பேட்டரி முனைகளில் வைத்தேன். 15.6 காட்டியது. டேஷ்போர்டில் 12, பேட்டரியில் 15.6! பன்னிரண்டு வோல்ட் வண்டியில் ஓடும்போது பேட்டரியில் 13.8-இலிருந்து 14.5-க்குள் இருக்க வேண்டும். 15.6 என்றால் ஆல்டர்னேட்டரின் வோல்ட்டை மட்டுப்படுத்த வேண்டிய ரெகுலேட்டர் கட்டுப்பாடில்லாமல் தள்ளுகிறது என்றுதான் யாரும் நினைப்பார்கள். நானும் அதைத்தான் நினைத்தேன்.

ஆனால் கையில் ஏற்கெனவே ஒரு சாட்சி இருந்தது. 15.6-இல் மாதக்கணக்காகச் சார்ஜ் ஆகும் பேட்டரியில் தண்ணீர் கொதித்து வற்றும், ஹைட்ரோமீட்டர் முழுசாகக் காட்டும். என் பேட்டரியில் தண்ணீர் ஒரு சொட்டுக் குறையவில்லை, மிதவை பாதியில்தான் நின்றது. இரண்டு கருவி நேரெதிராகப் பேசினால் அந்த இடத்திலேயே நிற்க வேண்டும். நான் நிற்கவில்லை. எண்ணைக் காட்டும் கருவியை நம்பினேன், மிதவையைக் காட்டும் கருவியை மறந்தேன்.

ஆட்டோ எலெக்ட்ரீஷியன் ஒருவரிடம் வண்டியைக் கொண்டுபோனேன். வயதானவர், டைனமோ காலத்திலிருந்து இந்த வேலை பார்ப்பவர். மீட்டரைப் பார்த்துவிட்டு, "ரெகுலேட்டர் போயிடுச்சு சார், மாத்திட்லாம்" என்றார். அதற்கு முன் என்ஜின் ஓடும்போதே பேட்டரி வயரைக் கழற்றிப் பார்க்கலாம் என்றார். டைனமோ வண்டியில் அந்தக் காலத்தில் அப்படிப் பார்ப்பது வழக்கம். ஆல்டர்னேட்டரில் அதைச் செய்தால் பேட்டரி என்ற தாங்கி இல்லாமல் வோல்ட் ஒரு நொடியில் எகிறி டயோடையும் ரெகுலேட்டரையும் சேர்த்துச் சுட்டுவிடும். "வேணாம் அண்ணே" என்று தடுத்துவிட்டேன். ரெகுலேட்டர் 650 ரூபாய், ஆல்டர்னேட்டரைக் கழற்றி மாட்ட 400. மாட்டி முடித்து மஞ்சள் மீட்டரை வைத்தால் அதே 15.6, டேஷ்போர்டில் அதே 12. அவர் முகத்தைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது. நான் கொண்டுபோன அளவை நம்பித்தானே அவர் சொன்னார்.

அதற்கப்புறம் மூன்று மாதம் இந்த வேலையைத் தொடவில்லை. தீபாவளி முடிந்து ஒரு நாள், வீட்டில் ரிமோட்டுக்கு வாங்கிய புது பென்சில் செல் ஒன்றைச் சும்மா அந்த மஞ்சள் மீட்டரில் வைத்துப் பார்த்தேன். 1.87. புது ஆல்கலைன் செல் 1.6 காட்டினாலே அதிகம். உடனே கீழே இறங்கிப்போய், ராத்திரி முழுக்க நின்றிருந்த வண்டியின் பேட்டரியில் வைத்தேன். 14.5. என்ஜின் ஓடாமல் நிற்கிற பேட்டரி 14.5-இல் இருக்கவே முடியாது. முழுசாக நிரம்பியிருந்தாலும் 12.6, 12.7-தான். மீட்டருக்குள் இருக்கும் 9 வோல்ட் செல் தேய்ந்திருந்தது. இந்த மாதிரி விலை குறைந்த மீட்டர்களில் செல் இறங்கினால் அளவு குறையாது, கூடும். புது 9 வோல்ட் செல் போட்டதும் அதே பேட்டரி 12.4 என்றது.

முதல் நாளே என்ஜினை அணைத்து ஒரு அளவு எடுத்திருந்தால் 1,050 ரூபாய் மிச்சம். அந்த மீட்டரை இனி நம்ப மனசு வரவில்லை. ரிச்சி தெருவுக்குப் போய் 1,650 ரூபாய்க்கு, பேட்டரி இறங்கினால் திரையில் அடையாளம் காட்டும் மீட்டர் ஒன்று வாங்கினேன். இப்போதெல்லாம் வண்டியைத் தொடுவதற்கு முன்னால் ஒரு புதுச் செல்லில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் ஆரம்பிக்கிறேன்.

சரியான வழியைக் காட்டியது காசிமேட்டில் போட் என்ஜின் பார்க்கும் நண்பர். அவருக்கு அம்பாசிடர் பழக்கமில்லை. ஆனால் உப்புத் தண்ணியில் கரண்ட் படும் பாடு அவரைவிட யாருக்குத் தெரியும்? நான் சொன்னதை முழுசாகக் கூடக் கேட்கவில்லை. "எர்த்தப் பார்த்தியாபா மொதல்ல? பிளஸ்ஸையே பார்த்துனு இருந்தா எப்டி? போறதுக்கு வழி இருந்தா மட்டும் போதுமா, திரும்பி வர்றதுக்கும் வழி வேணும்ல?" என்றார். அவர் சொல்லிக்கொடுத்த முறைப்படி, மீட்டரின் ஒரு முனையை பிளஸ்ஸிலும் இன்னொன்றை மைனஸிலும் வைப்பதை விட்டேன். ஒரே வயரின் இரண்டு நுனியிலும் வைத்தேன், கரண்ட் ஓடிக்கொண்டிருக்கும்போதே. நல்ல வயராக இருந்தால் மீட்டர் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் காட்ட வேண்டும். எவ்வளவு காட்டுகிறதோ அவ்வளவு வோல்ட்டை அந்த வயர் நடுவில் விழுங்குகிறது.

ஜனவரி மாதம் ஒரு ஞாயிறு. நான் பானெட்டுக்கு முன்னால், மகள் டிரைவர் சீட்டில். ஆக்ஸிலேட்டரை லேசாக அழுத்திப் பிடிப்பதும் முள்ளைப் படித்துச் சொல்வதும் அவள் வேலை. நோட்டில் எழுதி வைத்த அளவுகள் இவை.

லைட் எதுவும் போடாமல்: ஆல்டர்னேட்டரின் பி பிளஸ் முனைக்கும் (கரண்ட் வெளியே வரும் முனை) அதன் உடம்புக்கும் நடுவே 14.3. பேட்டரியில் 13.35. வழியில் 0.95 போகிறது. அதில் பிளஸ் பக்கம், பி பிளஸ் முனையிலிருந்து பேட்டரி பிளஸ் வரை 0.5. மைனஸ் பக்கம், ஆல்டர்னேட்டர் உடம்பிலிருந்து பேட்டரி மைனஸ் வரை 0.45.

ஹெட்லைட் போட்டு: ஆல்டர்னேட்டரில் 14.1, பேட்டரியில் 12.45. பிளஸ் பக்கம் 0.9, மைனஸ் பக்கம் 0.75.

இந்த எண்களைப் பார்த்ததும் எல்லாம் தெளிவாகிவிட்டது. ஆல்டர்னேட்டருக்கு ஒரு குறையும் இல்லை. பழைய ரெகுலேட்டருக்கும் இருந்திருக்காது. ரெகுலேட்டர் தன் உடம்பில் 14 இருக்கிறது என்று திருப்தியாக உட்கார்ந்திருக்கிறது. பேட்டரிக்கு வந்து சேர்வது 12.45. அந்த வோல்ட்டில் பேட்டரிக்குள் கரண்ட் ஏறவே ஏறாது. ராத்திரி ஓட்டம் எல்லாம் பேட்டரிக்குப் பட்டினி. பிளஸ் பக்கம் 0.2, மைனஸ் பக்கம் 0.1 என்ற அளவுக்கு மேல் போகக் கூடாது என்று நண்பர் சொல்லியிருந்தார். என்னுடையது நாலு மடங்கு, ஏழு மடங்கு.

அப்போதுதான் மகள் சொன்னாள்: "அப்பா, லைட் போட்டா வோல்ட் முள் இறங்குது, டெம்பரேச்சர் முள் ஏறுது. ரெண்டும் ஒரே நேரத்துல." ஹெட்லைட் போட்டால் என்ஜின் எப்படிச் சூடாகும்? இத்தனை மாதமாக என் கண் வோல்ட் முள்ளிலேயே இருந்ததால் பக்கத்து முள்ளை நான் பார்க்கவே இல்லை. டெம்பரேச்சர் சென்சர் என்ஜின் தலையில் திருகியிருக்கிறது, அதற்கு எர்த் என்ஜின் உடம்புதான். மீட்டருக்கு எர்த் பாடியில். என்ஜினுக்கும் பாடிக்கும் நடுவில் முக்கால் வோல்ட் வித்தியாசம் வந்தால் சென்சர் வழியாகக் கூடுதல் கரண்ட் ஓடும், முள் ஏறும். சூடு ஏறியதால் ஏறிய முள் அல்ல அது.

பழைய ஜம்பர் கேபிள் ஒன்றை எடுத்து, ஒரு கிளிப்பை ஆல்டர்னேட்டர் பிராக்கெட்டிலும் இன்னொன்றை பேட்டரி மைனஸிலும் கடித்தேன். உள்ளே இருந்து சத்தம் வந்தது: "ஏறிடுச்சுப்பா! டெம்பரேச்சர் இறங்கிடுச்சு!" வோல்ட் முள் அரை வோல்ட்டுக்கு மேல் ஏறியிருந்தது. கிளிப்பை எடுத்தால் இறங்கும், வைத்தால் ஏறும். பத்துத் தடவையாவது வைத்து எடுத்தேன்.

செல்ஃப் அடிக்கும்போதும் அளந்தேன். என்ஜின் உடம்புக்கும் பேட்டரி மைனஸுக்கும் நடுவே 3.6 வோல்ட். செல்ஃப் மோட்டார் நூறு ஆம்பியர் பக்கம் இழுக்கும். அது திரும்பிவர நல்ல எர்த் இல்லாததால், என்ஜினையும் பாடியையும் தொடுகிற எல்லா உலோகத்தையும் வழியாக்கிக்கொண்டது. கார்புரேட்டரையும் டேஷ்போர்டையும் சேர்ப்பது சோக் கேபிள். குமிழ் சுட்டது அதனால்தான். கேபிளை உருவிப் பார்த்தேன், வெளி உறை ஃபயர்வாலை (என்ஜினுக்கும் டேஷ்போர்டுக்கும் நடுவில் உள்ள தகடு) தொடும் இடத்தில் பிளாஸ்டிக் உருகி உள்ளே ஸ்பிரிங் கம்பி நீலம் பாரித்திருந்தது. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் பெட்ரோலுக்குப் பக்கத்தில் நெருப்பு. இதை எழுதும்போதும் பயமாகத்தான் இருக்கிறது. செல்ஃப் அடித்ததும் சோக் கேபிளோ ஆக்ஸிலேட்டர் கேபிளோ சுட்டால், வேறு எதையும் பார்க்காமல் எர்த்தைப் பாருங்கள்.

அடுத்த ஞாயிறு வண்டியை ஜாக்கியில் ஏற்றி, ஸ்டாண்ட் வைத்து, கீழே படுத்தேன். எர்த் பட்டை கியர்பாக்ஸ் பக்கத்திலிருந்து பாடிக்குப் போகிறது. பார்வைக்குப் பட்டை முழுசாகத்தான் இருந்தது. விரலால் அழுத்தினால் பச்சைப் பொடியாக உதிர்ந்தது. பின்னல் கம்பியில் கால்வாசிதான் மிச்சம். பாடி பக்கத்து போல்ட்டின் அடியில் துரு தட்டையாகப் படர்ந்து வாஷரைத் தூக்கி வைத்திருந்தது.

அந்த போல்ட்டில் ஒரு தப்பு செய்தேன். என்னிடம் இருந்தது 13 எம்.எம். ஸ்பேனர். மாட்டியது, நன்றாகவே பொருந்துவது போல இருந்தது. இழுத்தேன், தலை உருண்டுவிட்டது. இந்த வண்டியில் போல்ட் எல்லாம் இஞ்சு அளவு. அது அரை இஞ்சு, அதாவது 12.7 எம்.எம். இடையில் இருக்கும் 0.3 எம்.எம். துருப்பிடித்த தலைக்குப் போதும். அப்புறம் 240 ரூபாய்க்கு அரை இஞ்சு ரிங் ஸ்பேனர் வாங்கி, துரு நீக்கும் ஸ்பிரே அடித்து ஒரு ராத்திரி ஊறவிட்டு, உருண்ட தலையை அரத்தால் தேய்த்து நேராக்கி, சுத்தியால் ஸ்பேனரை அடித்து ஏற்றித்தான் கழற்ற முடிந்தது. ஒரு மணி நேர வேலை இரண்டு நாளானது.

புதுப் பட்டைக்கு மாதவரம் போனேன். லாரி ஸ்பேர் கடைகளில் ஈயம் பூசிய செம்புப் பின்னல் பட்டை கிடைக்கிறது. ஒரு அடி நீளம் 220 ரூபாய். இரண்டு வாங்கினேன். ஒன்று பழைய இடத்துக்கு. இன்னொன்று ஆல்டர்னேட்டர் பிராக்கெட்டிலிருந்து, பேட்டரி மைனஸ் வயர் பாடியில் சேரும் அதே போல்ட்டுக்கு. இது கம்பெனி அமைப்பில் இல்லாதது. கீழே இருப்பது மறுபடி தண்ணீரில் நின்றாலும் மேலே ஒன்று இருக்கட்டும் என்று போட்டேன். கண்ணுக்கு எதிரே இருப்பதால் கெட்டால் உடனே தெரியும்.

மாட்டும் முறை நண்பர் சொன்னது. உப்புத்தாளால் பாடியில் பெயிண்டையும் துருவையும் எடுத்து வெள்ளைத் தகடு தெரிய வேண்டும், பட்டையின் கண்ணைவிடச் சற்றே பெரிய வட்டம். பல் வைத்த ஸ்டார் வாஷர் தகட்டைக் கடிக்கிற மாதிரி வைக்க வேண்டும். இறுக்கிய பிறகுதான் மேலே கிரீஸ் தடவ வேண்டும், முன்னால் அல்ல. உலோகமும் உலோகமும் முதலில் கட்டிப்பிடித்துக்கொள்ளட்டும், கிரீஸ் வெளியே காவல் நிற்கட்டும் என்பது அவர் கணக்கு. மீண்டும் அளந்தேன். மைனஸ் பக்கம் 0.04, லைட் போட்டு 0.07. செல்ஃப் அடிக்கும்போது 3.6 இருந்த இடத்தில் 0.25. என்ஜின் முதல் சுற்றிலேயே பிடித்தது. சோக் கேபிளையும் மாற்றினேன், அந்தச் செலவை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.

பிளஸ் பக்கம் அவ்வளவு மர்மம் இல்லை. ஆல்டர்னேட்டரிலிருந்து வருவது டைனமோவின் 22 ஆம்பியருக்குப் போட்ட பழைய பிரவுன் வயர். அது கட்டவுட் பெட்டிக்குள் போய், இரண்டு துருப்பிடித்த திருகைத் தாண்டி, வேறு வயராக பேட்டரிக்குப் போகிறது. பெட்டியைக் கையால் தொட்டாலே சூடு. 6 ஸ்கொயர் எம்.எம். வயர் இரண்டு மீட்டர் 190 ரூபாய்க்கு வாங்கி, பி பிளஸ் முனையிலிருந்து நேராக பேட்டரி பிளஸ்ஸுக்கு, பேட்டரிப் பக்கத்தில் 50 ஆம்பியர் ஃப்யூஸ் வைத்துப் போட்டேன். ஃப்யூஸ் ஹோல்டர் 160. வயர் நுனியில் மாட்டும் திம்பிள்களை முதலில் கட்டிங் ப்ளையரால் நசுக்கினேன், இழுத்ததும் ஒன்று கையோடு வந்துவிட்டது. நண்பரிடம் இருந்த ஹைட்ராலிக் கிரிம்பர் வாங்கிவந்து புதுத் திம்பிள் போட்டேன். ஈயம் வைத்துப் பற்றவைக்கலாம் என்று யோசித்தேன். ஆடுகிற என்ஜினில் ஈயம் முடியும் இடத்தில் வயர் ஒடியும் என்பதால் வேண்டாம் என்று விட்டேன்.

இந்த வேலையின்போது பேட்டரி மைனஸைக் கழற்ற மறந்தேன். ஸ்பேனர் பி பிளஸ் முனைக்கும் பிளாக்குக்கும் நடுவே பட்டு ஒரு பொறி. ஸ்பேனர் நுனியில் அரிசி அளவுக்குப் பள்ளம் விழுந்தது. கையில் மோதிரம் இருந்திருந்தால் விரல் போயிருக்கும். மைனஸ் முதலில் கழற்ற வேண்டும், கடைசியில் மாட்ட வேண்டும். இருபது வருஷமாகத் தெரிந்ததை அவசரத்தில் விட்டேன்.

வயர் போட்டதும் பிளஸ் பக்கம் 0.5 இருந்தது 0.10 ஆனது, லைட் போட்டு 0.9 இருந்தது 0.16. பேட்டரியில் ஐடிலில் 14.15, லைட் போட்டு 13.87. மீட்டரில் அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் பானெட்டில் சாய்ந்து நின்றேன்.

ஆனால் டேஷ்போர்டு முள் இன்னும் 13.1-இல்தான் இருந்தது, இண்டிகேட்டரோடு ஆடவும் செய்தது. பேட்டரியில் 14.15 இருக்கும்போது இது ஏன்? மீட்டர் தொகுதியைக் கழற்றி, இரண்டு வயர் மூலம் நேராக பேட்டரியில் கொடுத்தேன். 13.75 காட்டியது. அதாவது மீட்டரே 0.4 குறைவாகக் காட்டும் பிறவி. மீதி 0.6-ஐத் தேடினேன். முன்னால் வைத்திருந்தவர் கரண்ட் எடுத்திருந்தது இக்னிஷன் சாவிக்குப் பின்னால் வரும் ஃப்யூஸிலிருந்து. அதே ஃப்யூஸில்தான் இண்டிகேட்டர், வைப்பர், பிரேக் லைட் எல்லாம். சாவி சுவிட்சின் உள்ளே தேய்ந்த தகடு, ஃப்யூஸ் கிளிப்பில் பச்சை, பாடியில் பெயிண்ட் மேலேயே முடுக்கிய எர்த். இத்தனைக்கும் கடைசியில் நின்றுகொண்டு அந்த முள் எனக்கு பேட்டரி நிலவரம் சொல்லிக்கொண்டிருந்தது! தான் நிற்கும் இடத்தில் என்ன இருக்கிறதோ அதைத்தான் முள் சொல்லும். நான்தான் அதை பேட்டரியின் குரல் என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

இதற்கு ஒரு சின்ன ரிலே (சிறு கரண்டால் இயங்கும் சுவிட்ச்) வாங்கினேன், சாக்கெட்டோடு 210 ரூபாய். சாவி போட்டால் ரிலே இழுக்கும், அவ்வளவுதான் சாவி வயரின் வேலை. மீட்டருக்கான கரண்ட் பேட்டரியிலிருந்து 5 ஆம்பியர் ஃப்யூஸ் வழியாகத் தனி வயரில் வருகிறது, எர்த்தும் பேட்டரி மைனஸிலிருந்து தனி வயர். ஃப்யூஸ் கிளிப்புகளை உப்புத்தாளால் தேய்த்தேன். 0.4 குறையைச் சரிசெய்ய மீட்டரைத் திறக்க மனம் வரவில்லை, கண்ணாடி நாற்பது வருஷம் பழசு. 14.15 இருக்கும்போது முள் நிற்கும் இடத்தில் கண்ணாடி மேல் நெயில் பாலிஷால் ஒரு சிவப்புப் புள்ளி வைத்தாள் மகள்.

செலவு: பட்டை இரண்டு 440, வயர் 190, ஃப்யூஸ் ஹோல்டர் 160, திம்பிளும் ஸ்லீவும் 120, ரிலே 210, போல்ட் வாஷர் 40, ஸ்பிரே 180. ஆக 1,340 ரூபாய். ஸ்பேனர் 240, மீட்டர் 1,650, இரண்டும் கருவி, வீட்டில் இருக்கும். வீணாய்ப் போனது 1,050. மொத்தம் 4,280. பழைய ரெகுலேட்டரைத் துடைத்துக் கவரில் போட்டு, 'நல்லது' என்று எழுதி டிக்கியில் வைத்திருக்கிறேன்.

மறுபடி முதலிலிருந்து செய்வதானால் வரிசையை மாற்றுவேன். மீட்டரைச் சோதித்துவிட்டு, என்ஜின் அணைந்த நிலையில் ஒரு அளவு, அப்புறம் ஆல்டர்னேட்டர் உடம்பிலேயே ஒரு அளவு, அப்புறம் பேட்டரியில். இந்த மூன்றுக்கும் சேர்த்துப் பத்து நிமிடம் ஆகாது. பட்டையையும் அடுத்த தடவை பின்னல் இல்லாமல், ஸ்லீவ் போட்ட கனமான வயராக வாங்குவேன். பின்னல் வளைந்து கொடுக்கும், ஆனால் இடுக்குகளில் உப்புத் தண்ணியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இப்போதைக்கு மேல் பட்டைக்கு வாரம் ஒரு தடவை துணி, மாதம் ஒரு தடவை கிரீஸ்.

நேற்று ஹைட்ரோமீட்டர் வைத்துப் பார்த்தேன். ஐந்து செல்லில் 1.250, ஒன்றில் மட்டும் 1.245. ஹெட்லைட்டுக்கு இன்னும் சுவிட்ச் வழியாகத்தான் முழுக் கரண்டும் போகிறது. அதற்கும் இரண்டு ரிலே வாங்கி வைத்துவிட்டேன், அடுத்த ஞாயிறு மழை இல்லாவிட்டால் போட வேண்டும்.